பேரிடருக்கு முன்பே தொடங்கிய வேலை

1847-ஆம் ஆண்டு பிறந்தபோது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் சுகாதாரப் பொறுப்பு மூன்று பேர் கையில் இருந்தது. மருத்துவ அலுவலர் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன், நகரப் பொறியாளர் ஜேம்ஸ் நியூலண்ட்ஸ், தெருத்தெருவாகப் போய்ச் சாக்கடையையும் குப்பையையும் நெரிசலான குடியிருப்புகளையும் பார்த்துப் புகார் எழுதும் ஆய்வாளர் தாமஸ் ஃபிரெஷ். அதற்கு முந்தைய ஆண்டில் லிவர்பூல் தனக்கென்று நிறைவேற்றிக்கொண்ட சுகாதாரச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. அவர்கள் மேசையைச் சரிசெய்து உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பஞ்சத்துக்குத் தப்பிய மக்கள் அந்த ஒரே ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் லிவர்பூல் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். நகரத்தின் சொந்த மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். வந்தவர்களில் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். போக வழியில்லாதவர்கள் நிலவறைகளில் அடைந்தார்கள். டைஃபஸ் காய்ச்சல் பரவியது. நோயாளிகளிடம் போய்வந்த கத்தோலிக்கப் பாதிரியார்களில் மட்டும் பத்துப் பேர் அந்த ஆண்டில் இறந்தார்கள். மெர்சி ஆற்றில் கப்பல்களை நிறுத்தி அவற்றை மருத்துவமனையாக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் நிலவறை நிலவறையாக இறங்கி ஆட்களை வெளியேற்றினார்கள். பேரழிவைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. கழிவுநீர்க் குழாய்களோ வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீரோ இல்லாத நகரத்தில், வேலையைத் தொடங்கிய சில மாதங்களில் வந்த வெள்ளம் அது. ஆனாலும் சுகாதார ஆய்வாளர் என்ற தொழில் எப்படிப்பட்டது என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. அன்றாடச் சாக்கடை வேலைக்கும் பேரிடர் வேலைக்கும் நடுவே கோடு போடாமலேதான் அது பிறந்தது.

அந்தக் கோடு பின்னால் போடப்பட்டது, குறிப்பாக 2001-இல் அமெரிக்கா தாக்கப்பட்ட பிறகு. பயங்கரவாதம், உயிரியல் ஆயுதம், பேரிடர் மேலாண்மை என்று தனித்தனித் திட்டங்களும் நிதிகளும் பயிற்சிகளும் வந்தன. தண்ணீர், உணவு, கழிவு, எலி, கொசு, காற்று என்று நாளெல்லாம் அலையும் ஆய்வாளரை இவற்றுக்காகப் புதிதாக ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் நூற்று எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. நெருக்கடியில் காப்பாற்றியது பெரும்பாலும் நெருக்கடிக்கென்று செய்த ஏற்பாடு அல்ல, அமைதிக் காலத்தில் பழகிய வேலைதான். சிறப்பு ஆயத்தங்கள் அந்த வேலையின் மேல் நின்றபோது பயன்பட்டன. அதன் செலவைப் பிடுங்கிக்கொண்டு நின்றபோது தோற்றன.

முதல் சான்று கிரிமியப் போர். துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில், 1855 பிப்ரவரியில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். கொன்றது காயம் அல்ல, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஒரு சுகாதார ஆணையம் மார்ச் தொடக்கத்தில் வந்துசேர்ந்தது. ஜான் சதர்லாண்ட், ஹெக்டர் கேவின் என்ற இரு மருத்துவர்களும் ராபர்ட் ராலின்சன் என்ற பொறியாளரும் அதில் இருந்தார்கள். அவர்களோடு போனவர்கள் லிவர்பூல் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர்கள். பின்னர் நியூலண்ட்ஸும் கிரிமியாவுக்குப் போனார். போர் முனைக்கு நகராட்சி ஆட்களை அனுப்புவது அன்று எவ்வளவு விநோதமாகத் தோன்றியிருக்கும்! ஆனால் அங்கே தேவைப்பட்டது அவர்கள் ஊரில் தினமும் செய்த அதே வேலை. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைத் திறந்து கழுவினார்கள். தண்ணீர் வரும் பாதையைத் தோண்டிச் செத்த விலங்குகளை அகற்றினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர ஜன்னல்களை உடைத்து விட்டார்கள். முதல் இரு வாரங்களில் மட்டும் 556 கைவண்டி, கூடை அளவு குப்பை வெளியேறியது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. குளிர் விட்டதும், புதிய நோயாளிகளின் வரத்துக் குறைந்ததும் இதற்கு உதவின என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரிதான். முழுப் புகழையும் ஆணையத்துக்குக் கொடுக்க முடியாது. ஆயினும் போருக்குப் பிறகு புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியர் பணியைவிடச் சாக்கடையும் காற்றோட்டமும் சரிசெய்யப்பட்டதையே முதன்மைக் காரணமாகக் கொண்டார். வாழ்நாளின் மீதியை அதற்காகவே வாதாடிக் கழித்தார். விளக்கேந்திய சீமாட்டியின் படம் நம் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. லிவர்பூலிலிருந்து போன ஆய்வாளர்களின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதே கதை 1940-இல் லண்டனில் இன்னும் தெளிவாக நடந்தது. ஜெர்மன் விமானங்கள் செப்டம்பரில் குண்டு போடத் தொடங்கியபோது, குண்டுக்கு அடுத்தபடியாக அதிகாரிகள் அஞ்சியது கொள்ளைநோயை. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே தெருவில் ஒரே பள்ளத்தில் உடைந்து கலந்தன. சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு கட்டத்தில் ஓரிரவில் 1,77,000 பேர் படுத்தார்கள். ஆரம்பத்தில் அங்கே போதிய கழிவறை கிடையாது. ஆனால் அஞ்சிய அளவுக்கு டைஃபாய்டு வரவில்லை. அதற்கான விடையின் ஒரு பகுதி போருக்கு இரண்டு ஆண்டு முன்னால், லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் இருக்கிறது. 1937 இலையுதிர் காலத்தில் அங்கே குடிநீர்க் கிணறு ஒன்றில் பழுதுபார்க்க ஆட்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் உடம்பில் டைஃபாய்டுக் கிருமியைச் சுமந்தவர். அது அவருக்கே தெரியாது. வேலை நடந்த அந்த நாட்களில் குளோரின் கலப்பதும் வடிகட்டுவதும் நிறுத்தப்பட்டிருந்தன. 300 பேருக்கு மேல் நோயுற்று, 43 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையின் அதிர்ச்சி நாடு முழுதும் குடிநீர் வாரியங்களைக் குளோரின் விஷயத்தில் விழிக்கச் செய்தது. போர் வந்தபோது உடைந்த குழாயை இணைத்ததும் குளோரின் ஏற்றிக் கழுவி, மாதிரியைச் சோதித்த பின்னரே திறந்துவிடும் பழக்கம் கையில் இருந்தது. ஹிட்லரை நினைத்து யாரும் செய்த ஏற்பாடு அல்ல அது. சுரங்க நிலையங்களிலும் மாதங்கள் போகப்போகக் கழிவறையும் அடுக்குப் படுக்கையும் செவிலியர் மேசையும் வந்துசேர்ந்தன. ஒவ்வொன்றையும் கேட்டுப் போராடியவர்களில் ஆய்வாளர்களும் இருந்தார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பை நேராகச் சந்தித்தாக வேண்டும். புயலும் போரும் தங்களை மறைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒருவர் வேண்டுமென்றே உணவில் கிருமி கலந்தால், அன்றாடப் பழக்கம் ஆய்வாளரின் கண்ணைக் கட்டிவிடாதா? கட்டியது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள த டேல்ஸ் என்ற சிற்றூரில் 1984 செப்டம்பர், அக்டோபரில் 751 பேர் சால்மொனெல்லா கிருமியால் நோயுற்றார்கள். 45 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. பத்து உணவகங்களில் வாடிக்கையாளர் தாங்களே எடுத்துக்கொள்ளும் சாலட் மேசைகள்தான் பொது இடம் என்று விசாரித்தவர்கள் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் ஏன்? உணவக ஊழியர்களும் நோயுற்றிருந்ததால் அவர்கள் கைகழுவாததே காரணமாக இருக்கலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை முடிவுக்கு வந்தது. யாராவது வேண்டுமென்றே செய்திருப்பார்களா என்ற கேள்வி எழாமல் இல்லை. யாரும் பொறுப்பேற்கவில்லை, மிரட்டல் கடிதம் வரவில்லை, நோக்கம் புலப்படவில்லை என்று அதை ஒதுக்கினார்கள். ஒரிகானின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவரான ஜிம் வீவர் மட்டும் இது சதி என்று அவையிலேயே பேசினார். ஓராண்டு கழித்து, 1985 செப்டம்பரில், அருகே ஆசிரம நகரம் அமைத்திருந்த பகவான் ரஜனீஷ் தன் செயலாளராக இருந்த ஷீலாவையும் அவர் குழுவையும் செய்தியாளர்கள் முன்னிலையில் குற்றம்சாட்டினார். புலனாய்வாளர்கள் ஆசிரம ஆய்வகத்தில் நுழைந்து அதே கிருமி வகையைக் கண்டார்கள். மாவட்டத் தேர்தலில் ஊர்க்காரர்கள் வாக்களிக்க முடியாமல் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பதே நோக்கம். நவம்பர் தேர்தலுக்கு முன் செய்து பார்த்த ஒத்திகைதான் அது.

இந்தத் தோல்வியை மழுப்பக் கூடாது. கைகழுவாமை என்ற பழகிய விடை கையில் இருந்ததால்தான் பழகாத விடை தேடப்படவில்லை. பயங்கரவாதம் குறித்த பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் கிடையாது. ஆனால் அந்த நிகழ்வின் மறுபாதியையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நோக்கம் தெரியாமலேயே, செப்டம்பர் 25 அன்று சாலட் மேசைகளை மூடச் சொன்னார்கள். நோய்ப் பரவல் நின்றது. குற்றவாளி யார் என்று தெரிந்திருந்தாலும் அன்று செய்திருக்க வேண்டியது அதுதான். எடுத்த மாதிரிகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. நோயுற்றவர் என்ன தின்றார், எங்கே தின்றார் என்ற பட்டியல்கள் இருந்தன. ஓராண்டு கழித்து ஆசிரமத்தில் கிடைத்த கிருமியை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, யாரோ ஒருவர் அன்று தன் வழக்கமான பதிவை ஒழுங்காகச் செய்ததால்தான். பிடித்தது காவல்துறை. பிடித்ததை நிரூபிக்க உதவியது சுகாதாரத் துறையின் குளிர்பெட்டி. ஆகவே இந்த ஊர் நமக்குச் சொல்வது அன்றாட வேலை வீண் என்பதல்ல. அந்த வேலையைச் செய்பவருக்குச் சந்தேகப்படும் பயிற்சியும், சந்தேகத்தை மேலே சொன்னால் கேட்கும் காதும் வேண்டும் என்பதே.

2001 அக்டோபரில் அமெரிக்க அஞ்சலில் ஆந்த்ராக்ஸ் தூள் வந்தபோது குறை வேறு பக்கம் இருந்தது. 22 பேர் நோயுற்று 5 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இருவர் வாஷிங்டனின் பிரென்ட்வுட் அஞ்சல் நிலையத் தொழிலாளர்கள். கடிதம் பிரிக்கப்பட்ட நாடாளுமன்ற அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு உடனே பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. அந்தக் கடிதம் கடந்துவந்த அஞ்சல் நிலையம் திறந்தே இருந்தது. ஒட்டிய உறையிலிருந்து தூள் வெளியே வராது என்று நிபுணர்கள் நம்பினார்கள். அஞ்சல் பிரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்ற எந்தத் தொழிற்சாலைச் சுகாதார ஆய்வாளரும் அப்படி நம்பியிருக்க மாட்டார். அந்த உருளைகள் உறையை நசுக்கிக் காற்றைப் பிதுக்கும். படிந்த காகிதத் தூசியைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்றை ஊதுவது அன்று அங்கே வழக்கமாக இருந்தது. கிருமியைப் பற்றிய அறிவு அன்று அமெரிக்காவில் ஏராளமாக இருந்தது. வேலை நடக்கும் இடத்தைப் பற்றிய அறிவுதான் முடிவெடுத்த மேசைக்குப் போய்ச்சேரவில்லை. அந்த நிலையத்தைக் குளோரின் டை ஆக்சைடு வாயுவால் சுத்தம் செய்து மறுபடி திறக்க 2003 டிசம்பர் ஆயிற்று.

ஆந்த்ராக்ஸ் அஞ்சலுக்குச் சில வாரம் முன்பு நியூயார்க்கில் இடிந்த இரட்டைக் கோபுரங்களின் தூசி இதைவிடக் கசப்பான பாடம். சிமெண்ட், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் அரைந்து கலந்த, நுரையீரலை அரிக்கும் காரத் தூசி அது. தாக்குதல் நடந்து ஒரு வாரம் ஆன செப்டம்பர் 18 அன்று, காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டின் விட்மன் அறிவித்தார். அப்படிச் சொல்லப் போதிய அளவீடுகள் அன்று இல்லை என்றும், அறிக்கைகளின் சொற்கள் வெள்ளை மாளிகையின் தலையீட்டால் மாற்றப்பட்டன என்றும் அதே முகமையின் தணிக்கை அதிகாரி 2003-இல் எழுதினார். மீட்புப் பணியில் மூச்சுக்கருவி அணியாமல் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் நோயாளிகளானார்கள். அவர்களின் சிகிச்சைக்கான சட்டம் 2011 ஜனவரியில்தான் கையெழுத்தானது. கருவி இருந்தது, அளக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அளந்ததை அளந்தபடி சொல்லும் உரிமை இல்லை. எத்தனை ஒத்திகை நடத்தினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. சாக்கடைக்கும் எலிக்கும் எந்த அரசும் தாராளமாகப் பணம் தராது, அச்சம் இருந்தால்தான் பணம் வரும், ஆகவே அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வதே கெட்டிக்காரத்தனம் என்பார்கள். இதற்கு ஆதரவாக நல்ல முன்மாதிரி ஒன்றும் உண்டு. 1951-இல் கொரியப் போரின்போது, எதிரி கிருமி ஆயுதம் வீசக்கூடும் என்ற பயத்தைக் காட்டி, அலெக்சாண்டர் லாங்மியர் அமெரிக்காவில் நோய்ப் புலனாய்வுப் பணி ஒன்றைத் தொடங்கினார். முதல் அணியில் மருத்துவர்களோடு ஒரு சுகாதாரப் பொறியாளரும் இருந்தார். கிருமி ஆயுதம் வரவில்லை. அந்த அணியினர் போலியோவையும் உணவு நஞ்சையும் துரத்திப்போனார்கள். 1955-இல் ஒரு நிறுவனத்தின் போலியோ தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கலந்திருந்ததை விரைந்து கண்டறிந்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சத்தில் வந்த பணம் அன்றாடத்துக்குப் பாய்ந்தது. 2002-க்குப் பின் அந்தப் பாய்ச்சல் பல இடங்களில் எதிர்த்திசையில் நடந்தது. பெரியம்மைத் தாக்குதல் வரலாம் என்று 2003 ஜனவரியில் சுமார் 5 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடத் திட்டமிட்டார்கள். சுமார் 40,000 பேரோடு அது நின்றுபோனது. அதற்காக உள்ளூர்ச் சுகாதாரத் துறைகள் கைவசமிருந்த ஆட்களைத் திருப்பிவிட்டன. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது தேவைப்பட்டவை குடிநீர், கழிவறை, கெட்டுப்போன உணவை அப்புறப்படுத்த ஆட்கள். ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்த விளையாட்டரங்கில் கழிவறைகள் நிரம்பி வழிந்தன. சுகாதார ஆய்வாளர்களுக்கென்றே பேரிடர்ப் பயிற்சிப் பாடம் ஒன்று அமெரிக்காவில் உருவானது அதன் பிறகுதான். வெள்ளநீரில் மூழ்கிய கிணற்றை எப்படிச் சுத்திகரிப்பது, முகாமில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பிடம், கொசுவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று 1855-இன் ஆணையத்துக்குப் புரிந்திருக்கக்கூடிய விஷயங்களே அதில் இருந்தன.

கத்ரீனாவுக்கு எட்டு மாதம் முன்னால் நம் கடற்கரையில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். காலரா வரும் என்று உலகமே எதிர்பார்த்தது. வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் நூறு பேர் அளவில் தட்டம்மை கண்டது, அதுவும் அலை தொடாத ஊர்களிலும்தான். கொள்ளைநோய் வராமல் காத்தது எந்தப் பேரிடர்ப் படையும் அல்ல. சிகிச்சைத் துறையிலிருந்து பிரிந்து, தனக்கென இயக்குநரகமும் நிதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள பொதுச் சுகாதாரத் துறை தமிழ்நாட்டில் 1920-களிலிருந்து இருக்கிறது. இந்தியாவின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கும், பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பகோணம் மகாமகத்துக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்போது, தற்காலிகக் கழிப்பிடம் தோண்டுவதும், தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் கலந்து குளோரின் அளவு பார்ப்பதும், பிற மாவட்ட ஆட்களை வரவழைத்து வார்டு வார்டாகப் பிரித்துவிடுவதும் அந்தத் துறைக்கு வழக்கமான காரியம். நிவாரண முகாமின் வேலை இதிலிருந்து எதில் மாறுபடுகிறது? துயரத்தில் மாறுபடுகிறது, செய்முறையில் இல்லை. திருவிழாவே ஒத்திகையாக இருந்திருக்கிறது. அதே நேரத்தில், வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரிகளில் அழைத்துவரப்பட்டு, போதிய கையுறையும் காலணியும் இல்லாமல் சடலங்களை எடுத்த தூய்மைப் பணியாளர்கள் இந்த வெற்றியின் கணக்கில் சேர்க்கப்படுவதே இல்லை. பெரும்பாலும் தலித் மக்களான அவர்கள் உழைப்பைச் சொல்லாமல் தமிழ்நாட்டின் பெருமையை மட்டும் சொல்வது அநீதி. ஆய்வாளருக்குச் சொன்னதெல்லாம், அதாவது பயிற்சி, பாதுகாப்புக் கருவி, அதிகாரம், சொல்வதைக் கேட்கும் மேலிடம் எல்லாம், அவர்களுக்கே முதலில் பொருந்தும்.

தமிழ்நாட்டின் அனுபவம் ஒரு புயல், ஓர் அலைக்கு மட்டும் பொருந்தும், புதிய வகை ஆபத்துகளுக்குப் பொருந்தாது என்று கடைசியாக ஒரு ஐயம் எழலாம். கொரோனா அதற்கும் சோதனை வைத்தது, இந்தத் தொழில் பிறந்த இங்கிலாந்திலேயே. அங்கே உள்ளாட்சிகளில் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர்கள் இருந்தார்கள். உணவு நஞ்சு வந்தால் நோயாளியைத் தேடிப் பேசி, யாரோடு இருந்தார், எங்கே தின்றார் என்று விசாரிப்பதே அவர்கள் தொழில். 2020 மே மாதத்தில் தொடர்பறியும் பணியை அரசு அவர்களிடம் விடாமல், தனியார் நிறுவனங்களின் அழைப்பு மையங்களோடு தேசிய அளவில் ஒரே அமைப்பாக நிறுவியது. பரிசோதனையையும் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு அதற்கு ஒதுக்கிய தொகை 3,700 கோடி பவுண்டு. பலர் அந்தத் தொலைபேசி அழைப்பை எடுக்கவே இல்லை. ஆகஸ்டில் வடக்கே பிளாக்பர்ன் வித் டார்வென் என்ற உள்ளாட்சி, தேசிய அமைப்பு எட்ட முடியாமல் விட்டவர்களைத் தன் ஊழியர்களைக் கொண்டு தேடத் தொடங்கியது. உள்ளூர்த் தொலைபேசி எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள், எடுக்காவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதே மாதத்தில் மத்திய அரசும் தன் அழைப்பு மையங்களைச் சுருக்கிக்கொண்டு, தொடர்பறிபவர்களில் ஒரு பகுதியை உள்ளாட்சிகளோடு இணைந்து வேலை செய்ய அனுப்ப வேண்டிவந்தது.